மனஸ்தாபம்: திருமறைச் சொல்லொன்றின் பொருளும் வழக்கும்

கிராமச் சபையொன்றில் நடைபெற்ற வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் நாம் கலந்துகொள்ள நேர்ந்தது. அன்றைய பகுதி ஆதியாகமம் ஆறாம் அதிகாரம். மனுஷனை உண்டாக்கினதைக் குறித்துக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்னும் செய்தி அடங்கிய ஆறாம் வசனம் வாசிக்கப்பட்டதும், முன்வரிசையில் இருந்த முதிய அம்மையார் ஒருவர், "ஐயா, கர்த்தருக்கும் மனுஷனுக்கும் என்ன மனஸ்தாபம்? யார் முதலில் பேச்சை நிறுத்தியது?" என்று கேட்டார். சிலர் நகைத்தனர். கூட்டத்தை நடத்திய சபை ஊழியர் நகைக்கவில்லை. "அவர்கள் பாவம் செய்தார்கள், அதனால் கர்த்தருக்குக் கோபம் வந்தது, அதுதான் மனஸ்தாபம்" என்று விடை கூறி அடுத்த வசனத்திற்குச் சென்றார்.

வினாவும் தவறு, விடையும் தவறு. ஆயினும் இருவரையும் குறை கூறுவதற்கில்லை. நம் ஊர்களில் வழங்கும் தமிழின்படி அம்மையாரின் வினா முற்றிலும் பொருத்தமானதே. இரு குடும்பங்களுக்கிடையே மனஸ்தாபம் என்றால் வரப்புத் தகராறோ, திருமணப் பேச்சு முறிந்ததோ, இழவு வீட்டுக்கு வராததோ ஏதோ ஒன்று உண்டு என்று பொருள். அச்சொல்லுக்குத் தான் செய்ததை எண்ணித் தானே உள்ளம் வேகுதல் என்னும் பொருள் இருந்தது என்பதை மறையியற் கல்லூரியில் பயில்வோரும் விளக்கவுரையைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. 1871-ஆம் ஆண்டில் முழுத் திருமறையாக வெளிவந்து, சீர்திருத்தச் சபைகளின் பீடங்களில் இன்றளவும் பெரும்பாலும் வாசிக்கப்பட்டுவரும் பழைய மொழிபெயர்ப்பில், கடவுளைக் குறித்தும் யோபுவைக் குறித்தும் பவுலைக் குறித்தும் யூதாசைக் குறித்தும் இச்சொல்லே நிற்கிறது. ஆதலின் இது அகராதியோடு முடிந்துபோகும் காரியம் அன்று.

மனம் என்பதும் தாபம் என்பதும் கூடிய வடமொழித் தொடர் இது. தாபம் என்றால் வெம்மை, எரிவு. திருக்குறளில் வாய்மை அதிகாரத்தில் (293) பொய் சொன்னவனை அவனது நெஞ்சே சுடுவதாகக் கூறப்பட்டிருக்கிறதே, அந்தச் சூடுதான் தாபம். இதே வேரிலிருந்து தமிழுக்கு வந்த வேறு மூன்று சொற்களையும் இங்கே உடன்வைத்து நோக்க வேண்டும். அனுதாபம் என்பதற்கு வடமொழியில் செயலுக்குப்பின் தொடரும் எரிவு, அதாவது தன் குற்றத்தை எண்ணி வருந்துதல் என்பது பொருள். தமிழில் அது இரங்கற் கூட்டத்துச் சொல்லாகிவிட்டது. பிறர் துயரில் பங்குகொள்வதையே அது குறிக்கிறது. பச்சாத்தாபம் என்பது பின்னர் எரிதல். அதுவும் பச்சாதாபம் என்று நைந்து, எளியவரைக் கண்டு உண்டாகும் இரக்கம் என்ற பொருளில் கதைகளிலும் பேச்சிலும் நடமாடுகிறது. பரிதாபம் என்பது சுற்றிலும் எரிதல்; இப்பொழுது பிறர் நிலையைக் கண்டு "ஐயோ" என்பதே பரிதாபம். ஆக, உள்நோக்கி எரிந்த நான்கு சொற்களும் நம் வழக்கில் வெளிநோக்கித் திரும்பியிருக்கின்றன. மூன்று பிறர்மேல் இரக்கமாயின. ஒன்று மட்டும் பிறர்மேல் மனக்கசப்பாயிற்று. நம் தீவினைக்கு அந்த ஒன்றுதான் திருமறைச் சொல்லாக வாய்த்தது.

மலையாளத் திருமறையில் ஆதியாகமம் 6:6-இல் அனுதாபத்தின் வினைவடிவமே இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவர் அதனைப் பிழையின்றி உணர்கின்றனர். ஒரே வடசொல் மலைக்கு அப்பால் தன் குற்றத்துக்கு வருந்துதலாகவும், இப்பால் துக்கம் விசாரித்தலாகவும் நிற்கிறது. சொல்லின் பொருளை வேரில் தேடுவோர் இவ்வொன்றைக் கண்டாவது சற்றே நிதானிக்கலாம்.

நம் சபை வாழ்வில் இவ்விரு பொருளும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருப்பதையும் கூற வேண்டும். திருவிருந்து ஆராதனைக்கு முந்திய ஞாயிறு குருவானவர் அறிவிப்பு வாசிக்கும்போது, ஒருவரோடொருவர் மனஸ்தாபம் உள்ளவர்கள் ஒப்புரவாகி வாருங்கள் என்கிறார். மனஸ்தாபத்தோடு பந்தியில் சேரலாகாது என்பது நம் மக்கள் யாவரும் அறிந்த சட்டம். ஆனால் பாவ அறிக்கையின் பொருளை அவரே விளக்கும்போது, மனஸ்தாபம் இல்லாமல் பந்திக்கு வருதல் அபாத்திரமாய் வருதல் என்கிறார். மனஸ்தாபம் உள்ளவன் வரக்கூடாது, மனஸ்தாபம் இல்லாதவனும் வரக்கூடாது எனில், எளிய விசுவாசி என்னதான் செய்வான்? இதை வேடிக்கைக்காகக் கூறவில்லை. இக்குழப்பத்தினால் எத்தனை பேர் பந்தி நேரத்தில் எழுந்து வெளியே நிற்கின்றனர் என்பதைப் பழைய ஆயர்கள் அறிவர்.

இனி மூலமொழிக்கு வருவோம். மனஸ்தாபம் என்று பழைய மொழிபெயர்ப்பில் காணப்படும் பழைய ஏற்பாட்டு இடங்களில் பெரும்பாலும் எபிரேயத்தில் நிற்பது நாகாம் என்னும் வினைச்சொல். அச்சொல்லின் இயல்பு வியப்புக்குரியது. ஒரு வடிவில் அது செய்ததற்கு வருந்துதல், எண்ணிய தீங்கைச் செய்யாமல் விடுதல், இரங்குதல் என்னும் பொருள்களைத் தரும். மற்றொரு வடிவில் பிறரைத் தேற்றுதலைக் குறிக்கும். நாகூம், நெகேமியா ஆகிய பெயர்களில் இருப்பது இந்த இரண்டாம் பொருளே. ஆதியாகமம் 5:29-இல் நோவா பிறந்தபோது அவன் தகப்பன் இவன் நம்மைத் தேற்றுவான் என்று பெயரிடுகிறான், அங்கே நாகாம். அதற்கு ஒன்பது வசனங்களுக்குப் பின், 6:6-இல், கர்த்தர் மனுஷனை உண்டாக்கினதற்காக வருந்துகிறார், அங்கும் நாகாம். அதுமட்டுமன்று. லாமேக்கு கூறிய செய்கை, வருத்தமான உழைப்பு ஆகிய சொற்களின் வேர்களும் உண்டாக்கினார், உள்ளம் நொந்தார் என்று 6:6-இல் மீண்டும் தோன்றுகின்றன. மனிதன் ஆறுதலுக்காகக் கையாண்ட மூன்று சொல்லும் கடவுளின் வேதனையைக் கூறத் திரும்பி வருகின்றன. தமிழில் தேற்றுதல் என்றும் மனஸ்தாபம் என்றும் பிரிந்துவிட்டபடியால் இவ்வுறவு நமக்குப் புலப்படுவதில்லை. இதில் மொழிபெயர்ப்பாளர்மேல் பழி இல்லை. எந்த மொழியிலும் இது எளிதன்று.

ஏசாயா 40:1-இல் தேற்றுதலைக் குறிக்கும் நாகாமை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆற்றுதல், தேற்றுதல் என்று வெவ்வேறு இரு சொல்லால் கூறினர். ஆற்றுதல் என்றால் குளிரச் செய்தல். காய்ச்சிய பாலை ஆற்றுகிறோம். அழுகிற பிள்ளையையும் ஆற்றுகிறோம். ஆகவே ஒரே எபிரேய வேர் நம் திருமறையில் ஓரிடத்தில் தாபமாகிய வெம்மையாகவும், மற்றோரிடத்தில் அவ்வெம்மையைத் தணிக்கும் ஆற்றுதலாகவும் இருக்கிறது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் நாகாம் என்னும் சொல்லின் இரு கரைகளையும் இதைவிட நன்றாகத் தொட்ட மொழிபெயர்ப்பை நாம் பார்த்ததில்லை.

கடவுளைக் குறித்து வரும் நாகாமைப் பழைய மொழிபெயர்ப்பு மூன்று வகையாகக் கையாளுகிறது. தாம் செய்ததைக் குறித்து அவர் வருந்தும் இடத்தில் மனஸ்தாபம். தம் ஜனத்துக்குச் செய்ய நினைத்த தீங்கை மோசேயின் வேண்டுதலால் விட்டுவிடும் யாத்திராகமம் 32-இல் பரிதாபம். சங்கீதம் 90:13-இலும் அவ்வாறே. அவ்வேரிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் வரும் ஓசியா 11:8-இலும் பரிதாபமே. அவர் ஒருபோதும் பின்வாங்கார் என்று கூறும் எண்ணாகமம் 23:19, சங்கீதம் 110:4 போன்ற இடங்களில் மனம் மாறாமை. இம்மூன்றுக்கும் மூலத்தில் வேர் ஒன்றே. வாசிப்பவர்க்கோ இவை மூன்று வெவ்வேறு காரியங்கள்.

இதன் விளைவை 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தில் காணலாம். 11-ஆம் வசனத்தில் சவுலை ராஜாவாக்கினதற்குக் கர்த்தர் நாகாம் அடைகிறார். 29-ஆம் வசனத்தில் நாகாம் அடைய அவர் மனிதன் அல்லர் என்று சாமுவேல் அறுதியிட்டுக் கூறுகிறார். அச்சொல் அங்கு இருமுறை வருகிறது. 35-ஆம் வசனத்தில் கர்த்தர் மீண்டும் நாகாம் அடைகிறார். ஆசிரியர் ஒரே சொல்லை வேண்டுமென்றே எதிரெதிராக நிறுத்துகிறார். அந்த முரண்பாட்டை அவர் மறைக்க விரும்பவில்லை. பழைய மொழிபெயர்ப்போ 29-ஆம் வசனத்தில் முதல் நாகாமை மனஸ்தாபம் என்றும் இரண்டாவதை மனம் மாறுதல் என்றும் பிரித்துவிட்டது. இரட்டைச் சொல்லைத் தவிர்க்கும் இலக்கிய நயம் காரணமாயிருக்கலாம். ஆயினும் முள்ளின் நுனி மழுங்கிவிட்டது. கடவுள் வருந்துவார், ஆனால் மனம் மாறார் என்று ஒரு சமாதானத்தை இவ்வேறுபாட்டின்மேல் கட்டி அருளுரை ஆற்றுவோரை நாம் கேட்டிருக்கிறோம். மூலத்தில் அக்கட்டடத்துக்கு அடித்தளம் இல்லை.

யோனாவின் புத்தகத்தை இங்கே விட்டுச்செல்ல மனம் வரவில்லை. நினிவேயின் ராஜா ஒருவேளை தேவன் மனஸ்தாபப்படக்கூடும் என்கிறான் (3:9). தேவன் மனஸ்தாபப்பட்டு அழிவை நிறுத்துகிறார் (3:10). அவர் அப்படிப்பட்டவர் என்பது எனக்கு முன்னமே தெரியும் என்று யோனா சினக்கிறான் (4:2). பழைய பொருளில் மனஸ்தாபம் தேவனுக்கு. இன்றைய பொருளில் மனஸ்தாபம் யோனாவுக்கு. ஒரே சொல்லைக்கொண்டு இப்புத்தகம் முழுவதையும் சுருக்கிவிடலாம் என்றாலும், அந்தச் சிலேடை தமிழுக்கே உரியது. யோனாவின் ஆசிரியர்மேல் அதை ஏற்றலாகாது.

புதிய ஏற்பாட்டில் காரியம் இன்னும் கடினமாகிறது. ஏனெனில் இங்கே இச்சொல்லைக்கொண்டு ஒரு மனிதனைத் தீர்ப்புச் செய்யும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கிரேக்கத்தில் மெட்டாநோயா என்பதைப் பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் மனந்திரும்புதல் என்றும், மெட்டாமெலொமாய் என்பதை மனஸ்தாபப்படுதல் என்றும் கூறுகிறது. இப்பாகுபாட்டைக்கொண்டு நம் பிரசங்கிகள் ஒரு கோட்பாடு வகுத்துள்ளனர்: யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், பேதுரு மனந்திரும்பினான்; முன்னது மனித வருத்தம், பின்னது தேவனால் உண்டாவது; முன்னது கயிற்றிலும் பின்னது கண்ணீரிலும் முடிந்தது. மூன்று பிரிவாகப் பிரிப்பதற்கும் எடுத்துச் சொல்வதற்கும் இது மிகவும் வசதியானது.

ஆனால் உண்மையா? பேதுரு சேவல் கூவக் கேட்டு வெளியே போய் அழுத இடத்தில் (லூக்கா 22:62) இவ்விரு சொல்லில் எதுவும் இல்லை. மனங்கசந்து அழுதான் என்பதே அங்குள்ளது. மறுபுறம் மெட்டாமெலொமாய் என்பது யூதாசுக்கு மட்டும் உரியதன்று. திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லிப் பின்பு போன மகன் (மத்தேயு 21:29) மனஸ்தாபப்பட்டே போனான். அவனை இயேசு பாராட்டுகிறார். அதே அதிகாரம் 32-ஆம் வசனத்தில் ஆசாரியரும் மூப்பரும் மனஸ்தாபப்படாததையே அவர் குற்றமாகக் கூறுகிறார். எபிரெயர் 7:21-இல் கர்த்தர் ஆணையிட்டதைப்பற்றி மெட்டாமெலொமாய் அடையார் என்று கூறும்போது அதே சொல்லே கடவுளைக் குறித்து நிற்கிறது. நாகாமை மொழிபெயர்த்த செப்துவஜிந்து, யோனா 3:10-இல் மெட்டாநோயாவின் வினையையும் சங்கீதம் 110:4-இல் மெட்டாமெலொமாயையும் கையாண்டிருக்கிறது. இரண்டிற்கும் இடையே சுவர் எழுப்ப அந்த மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணியிருப்பார்களாயின், இவ்வாறு செய்திருக்கமாட்டார்கள்.

இவ்விரு சொல்லும் முற்றிலும் ஒன்றே என்று நாம் வாதிடவில்லை. 2 கொரிந்தியர் 7:8-10-இல் பவுல் இரண்டையும் அருகருகே வைத்து, பின்னர் வருந்த இடமில்லாத மனந்திரும்புதலைப்பற்றிப் பேசுகிறார். அங்கே வேறுபாடு தெளிவு. ஆனால் அங்கே மெட்டாமெலொமாய் அடைந்தவர் யார்? கடுமையாய் ஒரு நிருபம் எழுதிவிட்டு, எழுதினோமே என்று சில நாள் உள்ளம் வெந்த பவுலே. அவர் தம்மை யூதாசோடு சேர்த்துக்கொள்ளவில்லை என்று நம்புகிறோம்! லௌகிக துக்கம் என்று அவர் ஒதுக்குவது வேறொன்றை. மனஸ்தாபம் என்ற சொல்லை அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்க ஆராதனையில் நாம் இருந்தோம். சீட்டுப் பணத்தைக் கையாண்டுவிட்ட இளைஞன் ஒருவன், பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதியை ஈடுசெய்ய வழியின்றி, பணத்துக்குரியவர்களிடம் அழுது, அவர்கள் முகம் திருப்பிக்கொண்ட சில நாட்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அருளுரை நிகழ்த்தியவர், "இவன் யூதாசைப்போல மனஸ்தாபப்பட்டான், பேதுருவைப்போல மனந்திரும்பவில்லை" என்றார். தாய் முன்னே அமர்ந்திருந்தாள். ஒரு கிரேக்கச் சொல்லைப்பற்றி அரைகுறையாய்க் கேள்விப்பட்டது ஒரு தாயின்மேல் எவ்வளவு பாரமாய் விழக்கூடும் என்பதை அன்று கண்டோம்.

மத்தேயு 27:3-5-ஐ மீண்டும் வாசித்துப் பார்க்கவேண்டும். யூதாஸ் உள்ளம் வருந்துகிறான். பாவம் செய்தேன் என்று வாயால் அறிக்கையிடுகிறான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று அப்பாவத்தின் பெயரையும் மறைக்காமல் கூறுகிறான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவருகிறான். 1551-இல் திரெந்துச் சங்கம் வகுத்துரைத்த மனவருத்தம், அறிக்கை, ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் இங்கே இருக்கின்றன. கத்தோலிக்க சபையின் தமிழ் ஜெபங்களில் உத்தம மனஸ்தாபம் என்று வழங்குவதில் இவனிடத்தில் என்ன குறைவு என்று நாம் கேட்கலாம். சீர்திருத்தச் சபையினராகிய நமக்கும் இது புதிய வினா அன்று. 1530-இல் எழுந்த அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையின் பன்னிரண்டாம் பகுதி மனந்திரும்புதலை மனவருத்தம், விசுவாசம் என்று இரு கூறாக்குகிறது. மறு ஆண்டு அதற்கு விளக்கம் எழுதிய மெலாங்க்தோன், சவுல், யூதாஸ் ஆகியோரின் வருத்தத்துக்கும் தாவீது, பேதுரு ஆகியோரின் வருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை வருத்தத்தின் தன்மையில் தேடவில்லை. மன்னிப்பின் வார்த்தையைப் பற்றிக்கொண்ட விசுவாசத்தில் தேடினார். 1536-இல் லூத்தர் எழுதிய ஸ்மால்கால்து உறுப்புரைகளிலும் நற்செய்தி சேராமல் நியாயப்பிரமாணம் மட்டும் வேலைசெய்யும் இடத்தில் மனிதன் சவுலையும் யூதாசையும்போல நம்பிக்கை இழக்கவேண்டியவனே என்று கூறப்பட்டுள்ளது.

அவ்வார்த்தையை யூதாசுக்குக் கூறவேண்டியவர்கள் யார்? பாவ அறிக்கையைக் கேட்கும் பணியில் இருந்த ஆசாரியர்கள். அவர்களோ அது எங்கள் காரியம் அன்று, நீயே பார்த்துக்கொள் என்னும் கருத்துப்பட விடையளித்தனர். அதே அதிகாரத்தில் பிலாத்து கைகழுவி ஜனங்களிடம் சொல்லும் சொல்லும் (27:24) கிரேக்கத்தில் இதே வினைதான். மத்தேயு இரண்டையும் இணைத்துக் காட்டுகிறார். மேற்கூறிய அடக்க ஆராதனையில் பிரசங்கியார் இந்த நான்காம் வசனத்தை வாசித்திருப்பாராயின், யூதாசைப்பற்றிப் பேசுவதற்கு முன் சீட்டுக்காரர்களைப்பற்றியும், அவ்விளைஞன் வந்தபோது நாம் எங்கேயிருந்தோம் என்பதைப்பற்றியும் பேசியிருக்க நேரும்.

மனஸ்தாபம் என்ற சொல்லை நீக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ஆதியாகமம் 6:6-இல் மனம் வருந்தினார் என்று கூறுகிறது. தெளிவானது, எவரும் சண்டை என்று கொள்ளார். ஆனால் வருத்தம் என்பது காய்ச்சலுக்கும் கடனுக்கும் பொதுவான சொல். தன் செயலை நோக்கித் திரும்பும் கூர்மை அதில் இல்லை. அதே மொழிபெயர்ப்பு மெட்டாநோயாவை மனம் மாறுதல் என்று கூறுவதால், பழைய மொழிபெயர்ப்பில் கடவுள் செய்யமாட்டார் என்றிருப்பதையே புதியதில் மனிதன் செய்யவேண்டும் என்று வாசிக்கிறோம். இரண்டையும் மேசைமேல் வைத்துப் படிக்கும் மாணவர் தடுமாறுவதைக் காண்கிறோம். பழைய மொழிபெயர்ப்பிலும் எபிரெயர் 12:17-இல் ஏசாவைக் குறித்து மெட்டாநோயாவே மனம் மாறுதலாக வருவதால், புதியவர்களை மட்டும் குறைகூறுவதும் நியாயமன்று.

கழிவிரக்கம் என்னும் தமிழ்ச் சொல்லைத் தனித்தமிழ் அன்பர்கள் முன்வைப்பர். கழிந்ததற்கு இரங்குதல் என்பது நல்ல பொருளே. ஆயினும் இன்றைய எழுத்தாளர்களிடம் அது தன்னைத்தான் எண்ணிப் பரிதபித்துக்கொள்ளும் நோய்க்குப் பெயராகிவிட்டது. யோபு 42:6-இல் இதை இடுவோமாயின் அவன் வாய்க்குள் நாமே வேறொரு மனிதனைப் புகுத்தியவர்களாவோம்.

இரங்கு என்னும் வினைதான் நம்மை நெடுநாள் சிந்திக்கவைத்தது. தொல்காப்பிய மரபில் இரங்கல் நெய்தலின் உரிப்பொருள். அங்கே அது இழப்பின் துயர். திருக்குறளில் வினைத்தூய்மை அதிகாரத்தில் (655) பின்னர் வருந்தத்தக்க செயலைக் குறிக்க இவ்வினையே வருகிறது. நம் வழிபாட்டிலோ ஆண்டவரே இரங்கும் என்று வாரந்தோறும் வேண்டுகிறோம். தன் செயலுக்கு வருந்துதலும் பிறர்மேல் உருகுதலும் ஒரே வேரில் அமைந்த சொல் நம்மிடமே இருந்திருக்கிறது. நாகாமுக்கு இதைவிட நெருங்கிய உறவினரைத் தமிழில் காணோம். மனுஷனை உண்டாக்கினதற்குக் கர்த்தர் இரங்கினார் என்று எழுதினால் என்ன? எழுதலாம், ஆனால் கேட்போர் மனுஷன்மேல் இரங்கினார் என்றே கொள்வர். அதற்கு அடுத்த வசனத்தில் ஜலப்பிரளயத் தீர்ப்பு வந்து நிற்கும். எனவே இதுவும் அரைவழியில் நம்மைக் கைவிடுகிறது. யாத்திராகமம் 32-இலும் யோனாவிலும் மட்டும் இரங்கினார் என்பதை எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்கலாம் என்பது நம் கருத்து. யூதாசுக்கு, தான் செய்ததை எண்ணி நெஞ்சு வெந்து என்பது போன்ற விரிந்த தொடரே வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் கணக்கு இங்கே செல்லாது.

எரேமியா 31:19-இல் எப்பிராயீம் திரும்பின பின்பே நாகாம் அடைகிறது என்னும் வரிசையையும் மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவேண்டும். முதலில் வருத்தம், பின்னர் திரும்புதல் என்று நம் ஞானோபதேசப் பாடங்கள் கற்பிப்பதற்கு இது நேர் எதிர்.

அடுத்த மாதம் அதே கிராமத்துக்குச் சென்றபோது அந்த அம்மையாரைத் தேடிக் கண்டோம். சண்டை ஒன்றும் இல்லை அம்மா, தாம் உண்டாக்கினதை எண்ணிக் கர்த்தரின் உள்ளம் எரிந்தது என்பதே பொருள் என்று விளக்கினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியானால் பெற்ற வயிறு பற்றி எரிந்தது என்று எழுதியிருக்கலாமே ஐயா, எங்களுக்குப் புரிந்திருக்கும்" என்றார். தாபம் அச்சொற்களில் முழுமையாய் இருக்கிறது. ஏன் பெற்றோம் என்னும் அந்த மற்றப் பாதி அதில் அடங்குமா என்று கேட்க நினைத்தோம். அவருக்கு ஐந்து பிள்ளைகள், கேட்கவில்லை.